அத்தை வீட்டுக்கு ரோஸ் வண்ணம்

பிள்ளைகளே, ராஜபாளையம் போகும்போதெல்லாம் என் அத்தை வீட்டு முகப்பை ஏன் நின்று பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

மாமா இறந்த பிறகு அத்தை பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போனார். நெய்ததும் வெள்ளை, உடுத்தியதும் வெள்ளை. அந்தச் சம்பளத்தில் சிறுகச் சிறுக ஒரு வீடு கட்டி முடித்தார். அப்போது நான் சின்னப் பையன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் முகப்புச் சுவரில் இரண்டு மூன்று வண்ணங்களைத் திட்டுத் திட்டாகப் பூசிவைப்பார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று தீர்ப்புச் சொல்வார்கள். தெருவில் இருந்துகொண்டு தெருவைக் கேட்காமல் எப்படி?

அத்தை வெள்ளையும் ரோஸும் பூசச் சொன்னார். அவருக்கு ரோஸ்மேல் அப்படி ஓர் ஆசை. தெருவோ ஒரே குரலில் வெள்ளை என்றது. தெருவே புகழத் தன் வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்திருந்த எதிர்வீட்டுக்காரரும்தான்.

“ஏம்மா, ரோஸு அடிச்சா சினிமாக் கொட்டகைன்னு டிக்கெட் கேட்டு வந்து நிப்பாய்ங்க. ஒனக்கு வெள்ளைதாம்மா லெச்சணம்.”

“வந்தா வரட்டும்ண்ணே. நீங்க எதுத்தாப்புல இருக்கீக, ஒங்களுக்கு ஓசி.”

கூட்டம் சிரித்தது. என் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நாலு பேரு பேசுவாகத்தா,” என்று தங்கையிடம் மெதுவாகச் சொன்னார்.

“பேசட்டும்ண்ணே. வேலை விட்டு வாரப்ப இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டே வாரது நாந்தான?”

பொங்கலுக்கு முன் ரோஸ் ஏறியது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரத்தில் அந்த முகப்பு முழுக்க வெட்கம் பரவியதுபோல இருக்கும். கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக்காரரே, “ரோஸு வீட்டுக்கு எதுத்த வீடு” என்று தன் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். அடுத்த பொங்கலுக்குத் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் ரோஸ்.

தெருவுக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு பிடித்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன். பச்சையைப் புகழ்ந்த அதே வாய்கள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் வெள்ளை கேட்டன என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விளங்கியது, வளர்ந்து பெரியவனாகி, அப்பா போன பிறகு. உறவுக்காரர்கள் வெள்ளைச் சேலைகளாகக் கொண்டுவந்து அம்மா முன்னால் அடுக்கினார்கள். மறுநாள் நான் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஜவுளிக்கடையில் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று எடுத்துவந்து, அந்த அடுக்கின் மேலே வைத்தேன்.