அடிப்பலகை குடித்த தண்ணீர்

சந்தாபுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டுச் சமையலறையை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது. அப்போது எனக்கு மூன்றாம் மாதம். அடுப்படியில் ஊறிப்போன சாக்கும் எலி மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். சே, அதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை. ஒரு வாய் ரசஞ்சாதம்கூட உள்ளே தங்கவில்லை. எடை குறைகிறது, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நாற்றம் அடிக்கிறது என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. பொம்மசந்திரா கம்பெனியில் நாளெல்லாம் பெயின்ட் வாடையில் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு மூக்கே கிடையாது. கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா, எல்லாம் மசக்கை, சரியாகிவிடும் என்று சிரித்தார். மசக்கையாம் மசக்கை! எனக்கு ஆத்திரமாக வந்தது.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆம்பூரிலிருந்து வந்திருந்த அம்மாவும் நம்பவில்லை. ஆனாலும் எனக்காக ஒன்று செய்தாள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதான் வீடு கழுவுவார்கள். அம்மா தினமும் கழுவினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பினாயில் தெளித்து, துடைப்பத்தால் தள்ளுவாள். தரை பளபளத்தது. நாற்றம் கூடியது. நான் கத்தக் கத்த அவள் இன்னும் ஒரு வாளி ஊற்றினாள்.

ஒருநாள் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோது, சிங்க்குக்குக் கீழிருந்த கப்போர்டின் அடிப்பலகை உப்பியிருப்பதைப் பார்த்தேன். அழுத்தினேன். டீயில் ஊறிய ரஸ்க் போல விரல் உள்ளே போய்விட்டது. மேலே வெள்ளை மைக்கா. உள்ளே வெறும் மரத்தூளும் பசையும். மைக்கா ஒட்டாத அடி விளிம்பு, தரையில் நின்ற தண்ணீரையெல்லாம் உறிஞ்சி மேலே ஏற்றியிருந்தது. பிய்த்தேன். கறுப்புப் பூஞ்சை, கொழகொழப்பு, அதற்குள் கரப்பான் குஞ்சுகள். இந்தக் கண்றாவியைத்தான் மாடுலர் கிச்சன் என்று பெருமையடித்து ஹவுஸ் ஓனர் எங்களைக் குடிவைத்தார்.

அம்மாவைக் கூப்பிட்டு விரலை மூக்கருகே நீட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். அவள் குமட்டும் சத்தம் கேட்டபோது எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்தவள் என் தலையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் ஒரு பாவி. நீ சொன்னது நெசந்தான்டி. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

படுத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடினேன். அடுப்படியில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது.