ஃபெலிஸ்மினாவின் கம்பிப் பதம்

அடுப்புக்காரனிடம் எதையும் மறைக்க முடியாது. மேசையில் நிற்பவர்கள் என்ன தப்புச் செய்தாலும் கடைசியில் அது என் தட்டில்தான் வந்து நிற்கும். நாத்தா என்ற முட்டைப்பால் பலகாரத்துக்கு மாவுச் சுருளை வெட்டித் தகர அச்சில் வைத்து, கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்திக்கொண்டே வரவேண்டும். அடி தடித்திருந்தால் உள்ளே வேகாது. விரல் மாவைப் பொத்துவிட்டால் ஊற்றிய முட்டைப்பால் ஒழுகித் தகரத்தோடு ஒட்டிக் கருகும். ஃபெலிஸ்மினா அழுத்திய அச்சில் இதெல்லாம் நான் பார்த்ததே இல்லை. போன குளிர்காலத்தில் பார்க்க ஆரம்பித்தேன்.

கிராசா மேட்டில் எங்கள் கடைக்கு வரும் ஜனங்களுக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. பின்கட்டில் நின்று அவர் யாரையாவது வைதுகொண்டிருப்பது காபி குடிப்பவர்கள் காதில் விழும். அவருக்குத் தெற்கே அலென்தெஜோ பக்கம், மழையே பார்க்காத ஊர். சிறு வயதில் லிஸ்பனுக்கு ஒரு வக்கீல் வீட்டு வேலைக்கு வந்தார். அந்த வீட்டம்மா ஒருநாள் கை நீட்டிவிட்டாள். இவர் திருப்பி எதுவும் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி அந்தம்மா மடியில் போட்டுவிட்டு, தெருவைத் தாண்டி எங்கள் கடைக்குள் நுழைந்து, கழுவ ஏதாவது இருக்கா என்று கேட்டாராம். அன்றைக்கு உள்ளே வந்தவர்தான். கணவர் ஆற்றைக் கடக்கும் படகில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது, ஆனால் கடையில் எல்லோருக்கும் அவர் தோனா, அம்மா என்கிற மாதிரி. லீவு நாளிலும் கடைக்கு வந்து நிற்பார்.

"வீட்டுல சுவரோட பேசணும், இங்க உன்னோட பேசணும். ரெண்டும் ஒண்ணுதான், ஆனா இங்க காபி கிடைக்கும்" என்பார்.

பந்தாட்டத்தில் அவர் பச்சைக் கட்சி, நான் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பழைய முதலாளி போனபிறகு கடையை அவர் மகள் காரினா பார்த்துக்கொண்டாள். ஊர் சுற்ற வருகிறவர்கள் டிராமில் மேட்டுக்கு வந்து, எட்டிப்பார்த்து, படமெடுத்துவிட்டுப் போகிறார்களே, அவர்களை உள்ளே கூட்டிவந்து நாத்தா செய்யக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவளுக்கு யோசனை. மாவு அவர்களே தேய்க்கவேண்டும், அச்சில் அவர்களே அழுத்தவேண்டும். சொல்லிக்கொடுப்பது ஃபெலிஸ்மினா. முதல் வகுப்பு சரியாக வந்தால் தினமும் காலையில் அது ஒன்றுதான் அவருக்கு வேலை, மேசையில் நிற்கவேண்டாம்.

வகுப்பு நாள் காலை ஒரு தட்டு முழுக்க ஒழுகி எரிந்து வந்தது. நான் அதை அவர் முன்னால் வைத்தேன்.

"தோனா, இது என்ன?"

"நாத்தா. பார்த்ததில்லையா நீ?"

"அடியெல்லாம் பொத்துப் போயிருக்கு."

"அடுப்பைப் பாருடா. மேசையைப் பார்க்க உனக்குச் சம்பளம் தரல."

பேசிக்கொண்டே, நான் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்துவைத்த அந்தத் தட்டின் ஓரத்தை வெறுங்கையால் பிடித்து நகர்த்தினார். நான் துணி சுற்றாமல் தொடமாட்டேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நான் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியில் பழைய தழும்பு, புதிய தழும்பு, ஒன்றின்மேல் ஒன்று.

"எப்பலேர்ந்து?"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடைப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து. முதல்ல ராத்திரி மரத்துப்போகும், உதறினா சரியாயிடும். இப்ப உதறினாலும் வரமாட்டேங்குது. கட்டைவிரல், அடுத்த ரெண்டு விரல். கட்டை மாதிரி கிடக்கு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா வீட்டுல உட்காருன்னு எழுதிக் குடுப்பான். உட்கார்ந்து என்ன பண்ண, சுவருக்கு நாத்தா பண்ணிப் போடவா? காரினாவுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே அனுப்பிடுவா. அவ அப்பன் மாதிரி இல்ல அவ." குரலைத் தாழ்த்தினார். "கேளுடா. இந்த வகுப்புல என் கை எதுக்கு? அவங்க கைதானே வேலை செய்யப்போகுது. நான் வாயால சொல்லப்போறேன். வாய் மரத்துப்போகல. இன்னைக்கு ஒரு நாள் நல்லபடியா போயிட்டா எனக்கு இங்க இடம் இருக்கு. இல்லன்னா இல்ல. நீ வாயைத் திறக்காதே."

"பாகு? பதத்தை விரல்லதானே பார்ப்பீங்க?"

"கரண்டியால தூக்கிக் காட்டிடுவேன். கண்ணுக்குத் தெரியும் கம்பி."

நான் எரிந்த தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டேன்.

வந்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். அதில் எல்லோரையும் மறைத்துக்கொண்டு ஒருவன், யூஸ்ட் என்று பெயர், ஹாலந்துக்காரன். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தான், அதற்கும் சிரித்தான். கூட அவன் மனைவி, கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. காரினா கழுத்தில் ஸ்கார்ஃப் எல்லாம் கட்டி, ஃபெலிஸ்மினா சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல நின்றாள்.

மாவு தேய்ப்பதில் ஃபெலிஸ்மினா பிழைத்துக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார்.

"அந்த நெட்டையன்கிட்ட சொல்லு, மாவைச் சலவை பண்ணவேண்டாம். அது ஒரு தப்பும் பண்ணல."

காரினா பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள். யூஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தான். ஃபெலிஸ்மினா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது பாகு.

முட்டைப்பாலில் சேர்க்கும் பாகு இது: சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைத் தோல், ஒரு பட்டை. கொதி வந்தபின் கிண்டக்கூடாது, காத்திருக்கவேண்டும். எல்லோரும் அடுப்பு மேடையைச் சுற்றி நின்றார்கள். குமிழிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஃபெலிஸ்மினா கரண்டியை விட்டுத் தூக்கினார். பாகு வழிந்து கடைசியில் மெல்லிய கம்பியாக நின்றது.

"இதான் பதம். பார்த்துக்குங்க" என்று கரண்டியை வைக்கப்போனார்.

"தோனா, விரல்ல காட்டுங்க" என்றாள் காரினா.

"கரண்டியிலயே தெரியுதே."

"விரல்ல பார்க்கிற படத்தைத்தானே நான் விளம்பரத்துல போட்டிருக்கேன். அதைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்காங்க. ஒரு தடவை, தோனா."

எல்லா முகமும் அவர் கையைப் பார்த்தன. யூஸ்டின் மனைவி போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

பாகை விரலில் எடுக்கும்முன் விரலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கவேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் அடுப்புக்கு இடதுபக்கம் இருக்கும், கை தானாகப் போய் முக்கிக்கொண்டு வரும், கண் பாகை விட்டு நகராது. ஃபெலிஸ்மினாவின் கையும் இடதுபக்கம் போனது. அங்கே கிண்ணம் இல்லை. படத்தில் மேடை சுத்தமாக விழவேண்டும் என்று காரினா காலையில் எல்லாவற்றையும் ஒதுக்கியிருந்தாள். கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு வெறும் தட்டு. அவர் விரல்கள் அந்தத் தட்டைத் தொட்டன, நனைத்ததாக நினைத்துத் திரும்பி வந்தன.

வேறு யாராக இருந்தாலும் விரல் காய்ந்திருப்பது தெரிந்திருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியிலிருந்து பாகை எடுத்துவிட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து, மெதுவாகப் பிரித்தார். நடுவில் தங்கக்கம்பி மாதிரி ஒரு இழை, அறுபடாமல். எல்லோரும் ஆஹா என்றார்கள், கைதட்டினார்கள். அவர் சிரித்தபடி இன்னொரு முறை சேர்த்துப் பிரித்தார். கொதிக்கிற பாகு. தோலோடு ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. அவர் நிதானமாக அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சாவகாசமாக ஒருத்தர் தொட்டால் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். யூஸ்டுக்குத் தோன்றியது. கரண்டியெல்லாம் அவனுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு விரலை நீட்டி நேரே பாத்திரத்துக்குக் கொண்டுபோனான்.

"தொடாதே" என்று கத்தினேன்.

நான் கத்தியது அவனுக்கு வெறும் சத்தம். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், விரல் போய்க்கொண்டே இருந்தது. காரினா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாற்றிச் சொல்ல ஆளில்லை. நான் இடையில் இருந்த ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவன் முழங்கை பாத்திரத்தில் இடித்தது. பாதிப் பாகு அடுப்பில் கொட்டிப் புகைந்தது, கொஞ்சம் என் செருப்பில். எல்லோரும் பின்னால் பாய்ந்தார்கள். யாரோ ஒரு பெண் வீறிட்டாள்.

யூஸ்ட் கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. பக்கத்தில் நின்றபோதுதான் அவன் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தது.

"அதெரித்து, என்ன பண்றீங்க?" என் பெயரைச் சொல்லிக் கத்தினாள் காரினா, முகம் வெளுத்திருந்தது. "விருந்தாளி மேல கை வைக்கிறீங்களா?"

சொல்லியிருக்கலாம். கொதிக்கிற பாகில் கை வைக்கப்போனான் என்றால் முடிந்தது. ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும், அப்படியென்றால் ஃபெலிஸ்மினா எப்படித் தொட்டார்? அதற்குப் பதில் என் வாயிலிருந்து வரக்கூடாது.

"கால் தடுக்கிடுச்சு" என்றேன்.

"தடுக்கினா மணிக்கட்டை முறுக்குவீங்களா? அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு வெளியில போங்க. அப்புறம் பேசிக்கலாம்."

கேட்டேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ. ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கதவுப்பக்கம் நடந்தேன். ஃபெலிஸ்மினாவைத் தாண்டும்போது பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாகு இறுகிக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. அதற்கடியில் தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. பிறகு இடதுபக்கம் திரும்பி அந்த வெறும் தட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவர் பேசாமல் இருந்திருந்தால் வகுப்பு நடந்திருக்கும். முரட்டு அடுப்புக்காரன் ஒருத்தன் குறுக்கே விழுந்தான் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் நாத்தா தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். நான் கதவில் கை வைத்து நின்றேன்.

"காரினா, அவனை எங்க அனுப்பற? நில்லுடா அங்க" என்றார். "நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம அவங்களுக்குச் சொல்லு. முழுங்காதே."

கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"இந்தப் பாகு கொதிக்குது. என் விரல் வெந்துபோச்சு. எனக்குத் தெரியல, ஏன்னா இந்த மூணு விரலுக்கும் குளிர்காலத்துலேர்ந்து உணர்ச்சி இல்ல. யார்கிட்டயும் சொல்லல. நெட்டையனோட கையை இவன் பிடிக்கலன்னா அதுவும் இப்படி ஆகியிருக்கும். என் தப்பு."

காரினா ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னாள். அடுப்பில் கொட்டிய சர்க்கரை கருகிக்கொண்டிருந்தது.

யூஸ்ட் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு ஃபெலிஸ்மினாவின் முழங்கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போய், குழாயைத் திறந்து அவர் கையை அதற்கடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவர் விடச்சொல்லித் திட்டினார். அவனுக்குப் புரியாததால் விடவில்லை.

அப்படியே தண்ணீருக்கடியில் கையை வைத்துக்கொண்டுதான் மீதி வகுப்பை நடத்தினார். புதுப் பாகு காய்ச்சினார்கள், கரண்டியில் பதம் பார்த்தார்கள். அச்சில் மாவை அழுத்தும்போது ஒருத்தியை, "அடியை விடு, விளிம்புக்குப் போ, போ, நிறுத்து" என்று தொட்டிப்பக்கமிருந்தே ஓட்டினார். நான் சுட்டெடுத்தேன். ஒன்றுகூட ஒழுகவில்லை.

அவர்கள் போனபின் காரினா கதவைச் சாத்தினாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்ப."

"ஆமா. அனுப்பியிருப்பேன்." ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கையில் சுற்றினாள். "இப்பவும் அனுப்பத்தான் போறேன். முதல்ல ஆஸ்பத்திரி. அங்க என்ன சொல்றாங்களோ, அதை முடிக்காம இந்தக் கட்டுக்குள்ள வரக்கூடாது."

ஃபெலிஸ்மினா ஏப்ரனைக் கழற்றினார். யார் மடியிலும் போடவில்லை, மடித்து மேசையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வகுப்பு?" என்றார்.

"வேற ஆளைத் தேடமாட்டேன். அது மட்டும் சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் அவர் மணிக்கட்டைக் கீறி, அங்கே நசுங்கியிருந்த நரம்பைத் தளர்த்தினார்கள். கை ஆறும்வரை அந்த வகுப்பை என் தலையில் கட்டினாள் காரினா. நான் பேசினதைக் கேட்டு ஒரு ஸ்பெயின்காரி பயந்து வெளியில் போய்விட்டாள் என்பது உண்மை. கட்டுப் பிரித்த அன்றைக்கே ஃபெலிஸ்மினா வந்து நின்றார். இரண்டு விரலில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. கட்டைவிரல் திரும்பவில்லை, இனிமேல் சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காரினா விளம்பரத்துப் படத்தை மாற்றிவிட்டாள். மேசையில் அவர் நிற்பதில்லை. காலையில் வகுப்பு, பிறகு ஒரு காபி, பிறகு என் தலையை உருட்டுவது. நேற்று வந்த கூட்டம் செய்ததில் ஒன்றைத் திருப்பி அடியைப் பார்த்தேன், பொத்தல் இல்லாமல் காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்தது.

"இது யார் அழுத்தினது, தோனா?"

"அந்தச் சிவப்புச் சட்டைக்காரன். உன் கட்சி போலிருக்கு" என்றார். "அதான் ஆச்சரியமா இருக்கு எனக்கும்."