காய்ச்சல் இல்லாத வீராதி வீரருங்க

அடுத்தவன் மூக்குல குச்சி வுட்டு சோறு துன்ற பொழப்பு நம்மளுது. வீடு வீடா போய் லேப்புக்கு சாம்பிள் எடுக்கறவன். படியேறித் திட்டு வாங்குற ஜனங்களே, உங்களுக்கு நான் சொல்றது புரியும். இந்த சளிக்காய்ச்சல் சீசன்ல கூடவே ஒரு பயமும் கீது. வேளச்சேரில என் பொண்ணுக்குக் கொழந்தை பொறந்து இருவது நாள்தான் ஆவுது. நமக்கு வெறும் சளி, அந்தப் பச்ச மண்ணுக்கு மூச்சே அடைச்சுடும்.

மயிலாப்பூர் மாமா

கதவத் தொறக்கும்போதே எட்டு இருமல். மாஸ்க் தாடைக்குக் காவல். "தள்ளி நில்லுங்க சார்"ன்னேன். என் கையப் புடிச்சுத் தன் நெத்தில வெச்சிக்கினாரு. அப்புறம் சொன்னத மூக்க இறுக்கிக்கினு படிங்க, அப்பத்தான் சரியா வரும்: "ஜுரமே இல்லேங்கறேன், ஏன்பா பயந்து சாகறே? எங்காத்து மிளகு ரசத்தப் பாத்தாலே கிருமி ஓடிப்போயிடும்."

டாக்டரம்மா

லேப் டாக்டரம்மாகிட்ட மாமாவ நடிச்சுக் காட்டினேன். சிரிச்சிட்டு வெவரம் சொன்னாங்க. கிருமி பூந்த செல்லு, 'திருடன் வந்துட்டான், கதவ சாத்து'ன்னு அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் கூவுமாம். அந்தக் கூவலுக்குப் பேரு இன்டர்ஃபெரானாம். கிருமி கில்லாடி. மொதல்ல நம்ம உடம்புச் சரக்கு மாதிரியே வேஷம் கட்டும். மாட்டிக்கினா, கூவுற வாயப் பொத்தும். கேக்கறவன் காதையும் அடைக்கும்.

"அப்போ காய்ச்சல்?"ன்னேன்.

"அது நம்ம உடம்பு போடுற சண்டை. தகவலே போகலைன்னா யாரு சண்டைக்கு வருவாங்க? அதுக்குள்ள உங்க மாமா தெரு பூரா இருமி முடிச்சிருப்பாரு."

தி.நகர் சூப்பர்வைசர்

சாம்பிள் எடுக்கப் போன துணிக்கடை வாசல்ல நெத்திக்கு மெஷின் காட்டி சூடு பாத்துக்கினு இருந்தாங்க. கடை சூப்பர்வைசர் முன்னாடியே காய்ச்சல் மாத்திரை முழுங்கிட்டு, ஏசிக்கு நெத்தியக் காட்டிட்டு வந்து ஜம்முனு நின்னாரு. லொக்கு லொக்குன்னு இருமல் வேற. "வேஷம் கட்ட கிருமியே உங்ககிட்ட டியூஷன் வரணும் சார்"ன்னேன். மனுசன் அசரல: "மெஷினு பச்சை காட்டிச்சில்ல நைனா, இருமல் என் சொந்த விசயம்."

வேளச்சேரி கம்பிக்கதவு

ரெண்டு நாள் கழிச்சு எனக்கே தொண்ட கரகரப்பு. நெத்தியத் தொட்டேன், ஜில்லுனு கீது. பேத்தியப் பாத்து ஒரு வாரம் ஆச்சே. மாத்திரை ஒண்ணு, ரசம் ஒரு டம்ளர், ரயிலேறிட்டேன்.

பொண்ணு கம்பிக்கதவுக்கு அந்தாண்ட நின்னா. ஒரு இருமல் இருமிட்டு, "காய்ச்சல்லாம் இல்லம்மா"ன்னேன். கொழந்தைய உள்ள படுக்க வெச்சிட்டு வந்து பூட்ட மாட்டினா. தெனம் போன்ல மாமாவ நடிச்சுக் காட்டுனவன் நான்தானே. அவளும் மூக்க இறுக்கிக்கினா: "ஜுரமே இல்லேங்கறேளா? பேஷ். அப்டியே கீழ எறங்கி உங்க மூக்குல நீங்களே குச்சி வுட்டுக்கினு வாங்க, மாமா."

வுட்டுப் பாத்தா கிருமி கீது, பேத்தி தப்பிச்சிட்டா, நானும் மாமாவக் கிண்டல் பண்றத நிறுத்தல, இப்போ அவரையும் என்னையும் சேத்தே நடிச்சுக் காட்டறேன்.