அமாவாசைச் சீட்டில் இருந்த ‘அவர்’

நாட்டின் பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொட்டலக் காகிதத்தில் படித்ததுதான். என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எழுத்தைக் கண்டால் விட மனம் வராது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக் கடையில் பொரிகடலை மடித்துத் தரும் பேப்பரைப் பிரித்து, நீவி, அடுப்படியில் உட்கார்ந்து படிப்பேன்.

எழுபதுகளின் நடுவில் அந்தப் பேப்பர்களில் ஒரே பார்லிமெண்டுப் பேச்சாக இருந்தது. கடத்தல்காரர்களையும் நாட்டுக்கு ஆகாதவர்களையும் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கச் சட்டம் வேண்டுமாம். தவறுதலாக ஒரு நிரபராதியைப் பிடித்துவிட்டால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான் என்று ஒரு உறுப்பினர் கேட்டிருந்தார். அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார் என்றும் போட்டிருந்தது. அதற்குக் கீழே பேப்பர் கிழிந்திருந்தது. பதில் வேறு யாருடைய பொரிகடலையோடோ போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வந்து எனக்குச் சட்டம் சொல்வார்.

“குத்தம் செய்யாதவன் இன்னாத்துக்குப் பயப்படணும்? நாலு பேரப் புடிச்சி உள்ள போட்டாத்தான் நாடு உருப்படும். கோர்ட்டு, வக்கீலுன்னு இஸ்துகினு போனா திருடன் சிரிப்பான்.”

நான் எதிர்த்துப் பேசியதில்லை. எனக்குப் பேச்சே வராது. வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். குப்பத்தில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டதே இல்லை.

அப்போது கரையோரமாக வாட்ச்சும் வெளிநாட்டுத் துணியும் வந்து இறங்குவதாகப் பேச்சு. எங்கள் குப்பத்தில் ஒருவர் கையிலும் வாட்ச் கிடையாது. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருக்கிறோம் என்று போலீஸ் எடுத்துக்கொண்டது.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் மூன்றோ நான்கோதான். எல்லோரும் அங்கேயே வலை கட்ட முடியாது. அதனால் ஆண்கள் கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை பிரிப்பார்கள். அதைப் பாடு என்போம். பிரித்ததை எழுதி வைக்க எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும். அது நான். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, நான் உள்ளே உட்கார்ந்து எழுதுவேன்.

புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். கையால் எழுதினாலும் அதே தோஷம்தான் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். மாமனார் முறை, மூத்தார் முறை ஆகிறவர்கள் பேரும் ஆகாது. குப்பத்தில் எல்லோரும் எனக்கு ஏதாவது ஒரு முறை. அதனால் என் சீட்டில் ஒருவருக்கும் பேர் இருக்காது. பெரிய மூத்தார் ‘பெரியவர்’. அவர் தம்பி ‘சின்னவர்’. இன்னொருவர் ‘செவிட்டு மாமா’. என் வீட்டுக்காரர் வெறும் ‘அவர்’. எட்டு வருஷமாக அப்படித்தான் எழுதினேன், ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை.

அந்த வருஷச் சீட்டில் எழுதியிருந்தது இது: ‘அமாவாசை. முகத்துவாரம். நாலு படகு. பெரியவர் முன்னால், சின்னவர் பின்னால். அவர் வந்த பிறகுதான் இறக்க வேண்டும்.’

வலையைத்தான். ஏரியில் வேறு எதை இறக்குவார்கள் என்று அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை போலீஸ் வந்து வீடு வீடாகத் தேடியது. எங்கள் வீட்டில் மட்டும் அவர்களுக்கு வரவேற்பு.

“வாங்க சார், நல்லாப் பாருங்க,” என்று பானையையெல்லாம் என் வீட்டுக்காரரே திறந்து காட்டினார். “சட்டம்னா இப்பிடித்தான் இருக்கணும்.”

கூரைச் சொருகலில் இருந்த சீட்டை ஒரு போலீஸ்காரர் உருவினார். படித்தார். மறுபடி படித்தார். இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“அவர்னு போட்டிருக்கே, அது யாருய்யா?”

இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். “நான்தான் சார். நான் வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தனும் எறக்க மாட்டான்.”

இவ்வளவு சுலபமாக ஒரு தலைவனைப் பிடித்த போலீஸ் உலகத்தில் இருக்காது. ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் இவருக்கு ஏதோ உறைத்தது. “அத எம் பொஞ்சாதி எழுதிச்சு சார்,” என்றார். பொம்பளை மேல் பழியைப் போடுகிறான் பார் என்று சிரித்தார்கள். நான் எழுதியதுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நானோ கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். ஜீப் போய்விட்டது.

குப்பத்து ஆண்கள் யாராவது போய்ப் பேசுவார்கள் என்று பார்த்தேன். எப்படிப் போவார்கள்? சீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பெரியவர் ஏரியைக் கடந்து ஆந்திராப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். செவிட்டு மாமா கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டும் கம்பெனிக்கு மண் சுமக்கப் போனார். குற்றம் செய்யாதவன் பயப்பட வேண்டாம் என்ற விஷயம் அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. செவிட்டு மாமாவையாவது மன்னிக்கலாம்.

பத்தாம் நாள், எங்களிடம் மீன் வாங்கும் போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். “மேல எழுதிப் போட்டுட்டாங்கம்மா. கையெழுத்தாயி வந்துச்சுன்னா ஒரு வருசம் உள்ளதான். அதுக்குள்ள இன்னா சொல்லணுமோ போய்ச் சொல்லு.”

மறுநாள் திருவள்ளூரில் இருக்கும் பெரிய போலீஸ் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். கூட என் ஓரகத்தி வந்தாள். தெருத்தெருவாகக் கூவி மீன் விற்கிறவள். அவள் வாய்க்குச் சந்தையே ஒதுங்கும்.

“நீ ஒண்ணும் பேசாத, பக்கத்துல நில்லு. நான் பாத்துக்கறேன்,” என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அதிகாரி தலை தூக்காமல் கேட்டார். “நீ யாரும்மா?”

“நான் சின்னவரு பொஞ்சாதி சார்,” என்றாள் ஓரகத்தி.

அதிகாரி நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார். “அப்படியா? சின்னவர் இப்ப எங்கே இருக்காரு?”

என் ஓரகத்தி வாயடைத்து நின்றதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். என் கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். ஒளிந்துகொள்ளலாம் என்றால், அந்த அறையில் கதவு எனக்குப் பின்னால் இருந்தது.

“சீட்டு எழுதினது நான்தான் சார்,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

ஒரு தாளை நகர்த்தி, எழுது என்றார். அமாவாசையிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். சீட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் ‘ற’வின் வால் அடுத்த வரி வரைக்கும் தொங்கும். இரண்டிலும் தொங்கியது.

“எதை இறக்கணும்?”

“வலைய சார்.”

“அதை எழுதினா என்ன?”

“ஏரியில வேற இன்னா சார் எறக்குவாங்க?”

பக்கத்து மேஜைக் குமாஸ்தா சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு பெரிய கூட்டத்தையே பிடித்திருந்தவர். கையில் இறால் வலைதான் மிச்சம் என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்?

“சரி, அவர்னா யாரு? பேரு, தகப்பன் பேரு சொல்லு. வாக்குமூலத்துல எழுதணும்.”

ஓரகத்தி பின்னாலிருந்து கிள்ளினாள்.

“சொல்லலைன்னா பேப்பர் நகராதும்மா. அங்க கையெழுத்தாயிடும்.”

சொன்னேன். முதலில் புருஷன் பேர், பிறகு மாமனார் பேர். ஒரே மூச்சில் இரண்டு தோஷம். எழுதி முடித்து, சரிபார்க்க இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் இவரை விட்டுவிட்டார்கள். இளைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

“சட்டத்து மேல குத்தம் இல்ல. அவங்க வேலைய அவங்க பாத்தாங்க.”

“ம்.”

“நீ இன்னான்னா அத்தினி ஆம்பள எதிர்ல எம் பேரச் சொன்னியாமே. அதுவும் ரெண்டு தரம்.”

உள்ளே வைத்தவர்கள் மேல் இல்லாத கோபம் எனக்காகப் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலமானால் மட்டும் தவறாமல் டீக்கடைக்குப் போய் ரேடியோ கேட்டார். பார்லிமெண்டில் இன்னும் கடுமையாக்கப் போகிறார்களாம், நல்லதுதான் என்று வந்து சொன்னார்.

அடுத்த முறை பிரித்தபோது, ஓடிப்போன எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். இவர் வழக்கம் போல் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். எல்லோருக்கும் பேர், தகப்பன் பேர், குப்பம். இறக்குவது வலை, கட்டுவது வலை, எடுப்பது இறால் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அடியில், ‘எழுதியது நான்’ என்று என் பேரையும் போட்டேன். ஒரு பக்கத்தில் முடிகிற சீட்டு மூன்று பக்கம் வந்தது.

“இன்னா இவ்ளோ நீட்டா கீது? படி பாக்கலாம்,” என்றார்.

முதல் வரியே அவர் பேர். படித்தேன். அவர் சட்டென்று எழுந்துபோய், வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.