ஜமீன்தார் போட்ட தும்மல்

அஞ்சாவதோட என் படிப்பு நின்னுபோச்சு. எழுத்து கோணலா வரும், முன்ன பின்ன மறந்தும் போகும், பொறுத்துக்கங்க. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, எழுந்து பாத்திரம் கழுவப் போயிடற ஆள் நான். அப்படிப்பட்ட நானே இதை எழுதறேன்.

எழுபத்தெட்டோ ஒன்பதோ. என் நாத்தனார் வள்ளிக்கு நாலு இடம் தட்டிப்போய் அஞ்சாவதா ஒரு மாப்பிள்ளை வந்தார். பழைய ஜமீன் அரண்மனை ஒண்ணை மியூசியமா மாத்தியிருந்தாங்க, அங்க காவல் வேலை. லீவு கிடைக்கலை, பொண்ணை இங்கயே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினார். திருவண்ணாமலையில பஸ் ஏறி வள்ளி, மாமியார், நான் மூணு பேரும் போனோம். மாமியார் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு, மூக்கு உடைஞ்ச சிலைக்கெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டே வந்தாங்க.

"அத்தை, இது கோயில் இல்லீங்க. சும்மா பார்க்க வெச்சிருக்காங்க"ன்னார், சுத்திக் காட்டிக்கிட்டு வந்த மாப்பிள்ளை.

"கோயில்ல மட்டும் என்ன பண்றோம்? பார்க்கத்தானேப்பா போறோம்."

ஜமீன்தார் படுத்த அறையில நிக்கறப்போ மாப்பிள்ளை, "எனக்குப் பிடிச்சிருக்குதுங்க"ன்னார். சொல்லி வாய் மூடலை, "அச்சூ!"னு ஒரு ஆம்பளைத் தும்மல். அங்க இருந்த ஒரே ஆம்பளை மாப்பிள்ளை, அவர் தும்மலை. ஜமீன்தாரோட கோட்டும் தலைப்பாகையும் வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டிகிட்டருந்து வந்துச்சு.

தும்மினது யாருன்னு மாமியாருக்குக் கவலையே இல்லை. "நல்ல பேச்சு பேசறப்போ ஒத்தைத் தும்மலா? இந்த இடம் வேணாம், கிளம்புடி"ன்னு வள்ளி கையைப் பிடிச்சு இழுத்தாங்க. வள்ளி கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ரெட்டையா தும்மினா நல்ல சகுனம், ஒத்தைதான் ஆகாது. நாலு பேர் எதிரே வாய் திறக்காத நான், நம்பினா நம்புங்க, அந்தப் பெட்டியைப் பார்த்து, "ஐயா, பொண்ணோட வாழ்க்கைங்க. இன்னொண்ணு தும்மிடுங்க"ன்னேன்.

தும்மினார். முன்னதைவிட ஜாஸ்தி பலமா.

"ரெட்டை!"ன்னு மாமியார் அங்கயே நாள் குறிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வள்ளி இப்போ பேரப்பிள்ளை எடுத்தாச்சு. அன்னிக்கு நான் மட்டும் பெட்டிகிட்ட போய்ப் பார்த்தேன். பூட்டு தொங்குது. கண்ணாடியில பொடிப்பொடியா ஈரம். முந்தானையால துடைச்சேன், போகலை. ஈரம் உள்பக்கம்.

அதைக்கூட விடுங்க. யார் தும்மினாலும் "நூறாயுசு"ன்னு சொல்ற பழக்கதோஷத்துல அவருக்கும் சொல்லிட்டேன். செத்தவருக்கு அந்த நூறு எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும்னு இன்னிக்கும் தெரியலை. அந்தப் பக்கம் போறவங்க யாராவது, பெட்டி இன்னும் இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்குப் போக பயம்.