பாதியில் நின்ற வாசகம்

திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயிலில் காலைப் பூசைக்கு பைபிள் வாசகம் படிக்கிறவள் நான். முதல் நாளே வீட்டில் படித்துப் பார்க்காமல் மேடை ஏற மாட்டேன். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தேன்? என் கணவருக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பூசை முடிந்ததும் விழுப்புரம் போய் ரிசல்ட் கேட்க வேண்டும். புற்றா இல்லையா, தலைக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வாசக நூலைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். நோயில் கிடக்கும் ஓர் அரசர். இறைவாக்கினர் அவரிடம் வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள், நீ பிழைக்கப்போவதில்லை, சாகப்போகிறாய் என்று கடவுள் சொன்னதைச் சொல்கிறார். அதுவரை படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் பெஞ்சில் என் கணவர், கழுத்தைச் சுற்றிய துண்டோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, ஆண்டவரே! அடுத்த வரி கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே இறங்கினால் போதும் என்றிருந்தது. வாய் தானாகவே முடிவு வாக்கியத்துக்குப் போய்விட்டது. "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

கோயில் முழுவதும் பழக்கத்தில் பதில் சொன்னது. "இறைவா, உமக்கு நன்றி." அதில் என் கணவர் குரலும் இருந்தது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? பூசை வைத்த சாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாடலை ஆரம்பிக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டார்.

பஸ்ஸில் மயிலம் தாண்டியும் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிற மனுஷன், வாய் ஓயாதவர். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் கேட்டார்.

"அந்த ராஜா இன்னா ஆனான்? செத்துட்டானா?"

"இல்லீங்க. பயத்துல நான்தான் பாதியிலயே நிறுத்திட்டேன். மீதி இருக்குது."

"இன்னா மீதி?"

சொன்னேன். அரசர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். உடனே கடவுள் இறைவாக்கினரைத் திருப்பி அனுப்பினார். உன் கண்ணீரைப் பார்த்தேன், இன்னும் பதினைந்து வருஷம் தருகிறேன் என்று சொல்லச் சொன்னார். கட்டிமேல் அத்திப்பழத்தை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

"அவனுக்கும் கட்டியா?" அவர் கை துண்டுக்குப் போனது. "ஏம்மா, இத அங்கியே படிச்சிருக்கலாம் இல்ல? சாவப்போறேன்னு சொன்னதுக்கு இல்ல நான் நன்றி சொல்லிக்கினு வர்றேன்!"

என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவி, இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன காரியம் செய்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெஞ்சின் ஓரத்தில் இடம் கிடைத்தது. கொஞ்ச நேரம் போன் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சொந்த அப்பாவைப் புதைத்த அன்றுகூட இவர் அழுது நான் பார்க்கவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வாசகத்தைப் படித்தபோது வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பேரைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, "இது கெட்ட கட்டிதாங்க," என்றார். புற்றுதான். "ஆனா சீக்கிரமாவே வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

என் கணவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"கேளு. இவங்களாவது முழுசா சொல்லிட்டாங்களா, இல்ல உன்ன மாதிரி பாதியிலயே நிறுத்திட்டாங்களா?"

"என்ன கேக்குறார்?" என்றார் டாக்டரம்மா. என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மீதி ஏதாவது இருந்தா அதையும் இப்பவே சொல்லிடுங்கம்மா," என்றேன்.