காசித்தும்பைக் காய்கள்

வெரிபீ ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற வழியில், ஒரு வீட்டின் முன்னால் காசித்தும்பைச் செடிகளைப் பார்த்து நின்றுவிடுகிறேன். பூ ஓய்ந்து, செடியெல்லாம் காய். வெடித்து விதை சிதறாமலிருக்க, பழைய நைலான் காலுறைத் துண்டுகளை அவற்றின்மேல் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். தமிழராயிருக்கலாமென்று, எதற்கு இது என்று தமிழில் விசாரித்ததும் நிமிர்கிறார்.

"வீட்டுக்காரர் வீட்டை வித்துப்போட்டினம். வெள்ளிக்கிழமை நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேணும். விதையையெண்டாலும் கொண்டுபோவமெண்டுதான்."

"ரோஜா வைக்கலையா?"

"ரோசாவை விட்டிட்டெல்லோ போகவேணும்? எங்கட லீசும் ஒரு வருசம், இந்தப் பூவும் ஒரு வருசம்."

உதவலாமென்று நானும் ஒரு துண்டை எடுத்துக் கட்டப்போகிறேன். விரல் பட்டதும் காய் வெடித்து, விதைகள் மண்ணில் தெறிக்கின்றன.

"ஐயோ, சாரிங்க. தொட்டா வெடிக்கும்னு தெரிஞ்சும் தொட்டுட்டேன்."

அவர் விதை விழுந்த இடத்தைப் பார்க்கிறார். பிறகு, தான் கட்டிய முடிச்சு ஒன்றை அவிழ்த்து, உள்ளேயிருந்த காயை விரலால் அழுத்துகிறார். அடுத்ததையும் அவிழ்க்கிறார்.

"பாதி இஞ்ச கிடக்கட்டும். வாற ஆக்கள் களையெண்டு பிடுங்காமல் விட்டால் அதுவே காணும்."